விழுந்தது யார் குற்றம்?

காலை ஏழே கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூமில் கீஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுப்படியில் இண்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. ஹாலில் வீட்டுக்காரர் ஆபீஸ் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். அவர் மனைவி மிக்ஸியில் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் எல்லாம் போட்டு, மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சுவிட்சைத் திருப்புகிறார்.

'டப்!'

மிக்ஸி நின்றது. அடுப்பு நின்றது. இஸ்திரிப் பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. எதிர்வீட்டில் மட்டும் டி.வி.யில் சுப்ரபாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, ஈ.பி.காரர் மேல் பழி போட வழியில்லை. மூன்று விநாடிகூட ஆகியிருக்காது, ஹாலில் இருந்து குரல் வருகிறது.

''என்ன பண்ணித் தொலைச்ச?''

''நான் என்னங்க பண்ணேன்? மிக்ஸியப் போட்டேன், அவ்வளவுதான்!''

''இந்த நேரத்துலதான் மிக்ஸி போடணுமா?''

பிறகு அவர் வாசல் பக்கம் போய், மெயின் போர்டைத் திறந்து, கீழே சாய்ந்து கிடக்கும் டிரிப்பரைத் தள்ளிவிடுகிறார். ''சனியன் பிடிச்ச டிரிப்பர், இதை முதல்ல மாத்தணும்!''

இந்த ஒரு நிமிஷ நாடகத்தில் இரண்டு தீர்ப்புகள் எழுதப்பட்டுவிட்டன, கவனித்தீர்களா? முதல் தீர்ப்பு: கடைசியாக எதைப் போட்டார்களோ, அதுதான் குற்றவாளி. இரண்டாவது தீர்ப்பு: விழுந்தது எதுவோ, அதுதான் பழுது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. மிக்ஸிக்கும் டிரிப்பருக்கும் வாய் இல்லாததால் மேல்முறையீடும் இல்லை.

இரண்டு தீர்ப்பும் தப்பு. இவை மெயின் போர்டோடு நின்றுபோனால் நானும் இந்தப் பக்கத்தை வேறு விஷயத்துக்குக் கொடுத்திருப்பேன். ஆனால், வீட்டிலும் ஆபீஸிலும் ஊரிலும் மனிதர்களுக்கும் நாம் இதே இரண்டு தீர்ப்பைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், வெறும் வகுத்தல் கணக்குதான். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 2,000 வாட் கீஸர் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் அதே 8.7. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 4.3. பெரிய மிக்ஸி, 750 வாட் என்றால் 3.3. மொத்தம் 25. பழைய வீடு, எல்லாமே ஒரே லைன், அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் டிரிப்பர். எம்.சி.பி. என்று எலெக்ட்ரீஷியன் சொல்வது இதைத்தான்.

மிக்ஸி வருவதற்கு முன்னாலேயே அந்த லைனில் 21.7 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. அளவு எப்போதோ தாண்டியாகிவிட்டது. இருபத்தைந்தில் மிக்ஸியின் பங்கு மூன்றே சொச்சம். அதிகமாக இழுத்த கீஸருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது கதவுக்குப் பின்னால் இருக்கிறது, சத்தம் போடவில்லை, முதலிலேயே வந்து இடம் பிடித்துவிட்டது. மாட்டிக்கொண்டது கடைசியில் வந்து சத்தம் போட்ட மிக்ஸி.

திருக்குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டி ஒன்று வருமே, 475-வது குறள். இறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும் என்கிற விஷயம். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த வண்டியின் அச்சு முறிந்த பிறகு நடந்திருக்கக்கூடிய பஞ்சாயத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்கள். கடைசி இறகை வைத்தவனைப் பிடித்து, ''நீ வெச்சதும்தானே முறிஞ்சுது?'' என்று கேட்டிருப்பார்கள். அவனுக்கு முன்னால் மூட்டை மூட்டையாக ஏற்றியவர்களும் கூட்டத்தில் நின்று, ''ஆமாமா, நானும் பார்த்தேன்'' என்று சாட்சி சொல்லியிருப்பார்கள்.

இது கற்பனை. நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2012-ம் வருஷம் ஜூலை 30 அதிகாலை இரண்டரை மணிவாக்கில் வட இந்தியா முழுக்க கரன்ட் போனது. மறுநாள் மத்தியானம் மறுபடியும் போனது. இந்தத் தடவை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கிற பகுதி. ரயில்கள் நடுவழியில் நின்றன, சுரங்கங்களுக்குள் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். (நமக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்னிந்திய கிரிட் மற்ற கிரிட்டுகளோடு ஒன்றாக ஓட ஆரம்பித்தது 2013 டிசம்பர் 31-ல்தான்.)

எங்கே ஆரம்பித்தது? மத்தியப் பிரதேசத்தில் பினா, குவாலியர் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் 400 கிலோவோல்ட் லைன் ஒன்று டிரிப் ஆனது. அதோடு விட்டிருந்தால் அந்த லைன்தான் குற்றவாளி. ஆனால், விசாரணைக் குழு அதோடு விடவில்லை. ஏற்கெனவே பல லைன்கள் வேலையில் இல்லாமல் வழித்தடம் பலவீனமாகிக் கிடந்தது. சில மாநிலங்கள் தங்கள் பங்கைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தன. ''குறையுங்கள்'' என்று சொன்னபோது குறைக்க வேண்டியவர்கள் போதிய அளவு குறைக்கவில்லை. இவ்வளவும் சேர்ந்த பாரத்தை அந்த லைன் தன் தலையில் வாங்கியது. கடைசியில் கையை விட்டது. 'விழுந்த லைன்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தால் அதிகமாக இழுத்தவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள்.

கடைசி இறகைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நாம் ஏற்றிய மூட்டையை யாரும் எண்ண மாட்டார்கள்!

சரி, இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். ''சனியன் பிடிச்ச டிரிப்பர்.''

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசான அந்த இடத்துக்குள் இரண்டு காவல்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் நிதானமானவர், ஒருவர் முன்கோபி.

நிதானமானவர் ஒரு உலோகப் பட்டை. இரண்டு விதமான உலோகத்தை ஒட்டிச் செய்தது. சூடேறினால் ஒரு உலோகம் அதிகமாக விரியும், இன்னொன்று குறைவாக. அதனால், பட்டை மெல்ல வளையும். அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் பட்டை சூடாகி, வளைந்து வளைந்து, ஒரு கட்டத்தில் கொக்கியைத் தட்டிவிடும். முன்கோபி ஒரு கம்பிச் சுருள். ஃபேஸும் நியூட்ரலும் நேராக முட்டிக்கொண்டு ஷார்ட் சர்க்யூட் ஆனால், சாதாரண அளவைப்போலப் பல மடங்கு கரன்ட் பாயும். அப்போது அந்தச் சுருள் காந்தமாகி, நாம் கண் சிமிட்டுவதற்குள் கொக்கியை இழுத்துவிடும். இந்த இருவரையும் ஒரே சின்னக் கருவியில் உட்காரவைத்து 1924-ல் காப்புரிமை வாங்கியவர்கள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹியூகோ ஸ்டோட்ஸும் ஹைன்ரிக் ஷாக்ட்னரும். நூறு வருஷம் ஆகிவிட்டது. அடிப்படை மாறவில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் நிதானமானவருக்கு விதித்திருக்கும் விதிமுறை. உலகத் தர விதிப்படி, குறித்த அளவைவிட 13 சதவிகிதம் அதிகம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அவர் விழக் கூடாது. 45 சதவிகிதம் அதிகம் ஓடினால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். அதாவது, கொஞ்சம் மிஞ்சினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டம். ரொம்ப மிஞ்சினால் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் சட்டம்!

நம் ஊரில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம் என்று தோன்றுகிறது. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று குழந்தையாக இருக்கும்போதே சொல்லிக்கொடுக்கிறோம். 'இதுக்கு மேல பொறுத்தா வீடு எரியும்' என்று எந்தப் பாட்டியும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. பொறுமை என்பது முடிவே இல்லாத சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மின்சாரப் பட்டைக்கே அதன் பொறுமை எதுவரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் மனுஷிக்கு எழுதி வைக்கவில்லை.

முன்கோபியிடமும் ஒரு பாடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நிதானம் உதவாது. கை ஓங்குகிற புருஷனிடம், குழந்தையிடம் தப்பாக நடக்கிற சொந்தக்காரனிடம், சாதி சொல்லித் திட்டுகிற மேலதிகாரியிடம் 'ஒரு மணி நேரம் பார்க்கலாம்' என்று பட்டையை வளையவிட்டுக்கொண்டு உட்கார முடியாது. அது ஓவர்லோடு இல்லை, ஷார்ட் சர்க்யூட். அங்கே உடனே அறுப்பதுதான் அறம். எது ஓவர்லோடு, எது ஷார்ட் சர்க்யூட் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதற்குத்தான் விவேகம் என்று பெயர். சின்ன விஷயத்துக்கு வெடித்துவிட்டுப் பெரிய விஷயத்தில் வாயை மூடிக்கொள்பவர்கள் இரண்டு காவல்காரர்களையும் இடம் மாற்றி உட்காரவைத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. டிரிப்பரின் லீவர் விழக் கூடாது என்று விரலால் மேலே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அப்போதும் அது டிரிப் ஆகும். லீவர் உங்கள் விரலுக்குக் கட்டுப்பட்டு மேலேயே நிற்கும், உள்ளே தொடர்பு அறுந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. வெளியே 'ஆன்', உள்ளே 'ஆஃப்'. இப்படி எத்தனை பேர் உங்கள் வீட்டிலும் ஆபீஸிலும் நடமாடுகிறார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். ''கூப்பிட்டா வர்றா, சொன்னதைச் செய்யறா, ஆனா முன்ன மாதிரி இல்ல'' என்று சொல்கிறோமே, அது இதுதான். லீவரைப் பிடித்துக்கொண்டிருப்பது யாருடைய விரல்?

டிரிப்பர் அடிக்கடி விழுந்தால் சிலர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள். ''பதினாறைக் கழட்டிட்டு முப்பத்திரண்டு போட்டுடுப்பா.'' அந்தக் காலத்து ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் நாலு இழை முறுக்கிப் போடுவார்களே, அதன் நவீன அவதாரம். போட்டதும் வீட்டில் ஒரே அமைதி. கீஸர் ஓடும், அடுப்பு எரியும், இஸ்திரியும் ஆகும், சட்னியும் ஆகும். ''பாத்தீங்களா, பிரச்னை தீர்ந்துபோச்சு!''

தீர்ந்தது பிரச்னை இல்லை, புகார்.

டிரிப்பர் காப்பாற்றுவது மிக்ஸியை இல்லை, கீஸரை இல்லை. சுவருக்குள் ஓடும் வயரை. அந்த வயருக்கு ஏற்ற அளவில்தான் டிரிப்பர் போடுவார்கள். வயரை மாற்றாமல் டிரிப்பரை மட்டும் பெரிதாக்கினால், 16 ஆம்பியருக்குப் போட்ட வயரில் 25 ஆம்பியர் சத்தமில்லாமல் ஓடும். கரன்ட் ஒன்றரை மடங்கு ஏறினால் சூடு ஒன்றரை மடங்கு ஏறாது. மடங்கை மடங்கால் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கில் சூடு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. வயரின் மேலுறை பி.வி.சி., சாதாரண வகை 70 டிகிரிவரைக்கும்தான் தாங்கும். அதற்கு மேல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வெடித்து, உதிரும். சுவருக்குள் நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வரும்போது புகையாகத் தெரிய வரும்.

''எங்க மருமக எவ்வளவு வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டா'', ''எங்க அண்ணன் தனி ஆளா நின்னு மூணு தங்கச்சிய கரை ஏத்தினார், ஒரு வார்த்தை சொன்னதில்ல'', ''அந்த நர்ஸம்மா டபுள் டியூட்டி பார்த்தாலும் சிரிச்ச முகம்''... இந்தப் பாராட்டுகளை எல்லாம் இனி கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். சில சமயம் அது பாராட்டு இல்லை. 16 ஆம்பியர் வயரில் 32 ஆம்பியர் டிரிப்பரைப் பொருத்துகிற வேலை. 'நல்லவள்' என்ற பட்டத்தைக் கொடுத்து விழும் உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறோம். வயர் அதேதான். ரத்தக் கொதிப்பாகவோ, தூக்கமின்மையாகவோ, ஒரு நாள் காரணமே புரியாத அழுகையாகவோ அது சுவருக்குள் உருகிக்கொண்டிருக்கும்.

''அப்படின்னா யாரும் யாருக்காகவும் கஷ்டப்படவே கூடாதா?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எலெக்ட்ரீஷியன் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். ''லோடு ஏத்தணும்னா தாராளமா ஏத்துங்க சார். ஆனா, கீஸருக்குத் தனி லைன் போட்டுடுங்க. இல்லைன்னா, இந்த வயரை உருவிட்டுப் பெரிய வயர் ஓட்டணும். சுவரைக் கொத்தணும், செலவாகும், ரெண்டு நாள் வீடு தூசியாக் கிடக்கும்.'' அதாவது, பாரத்தைப் பிரித்துக்கொள். இல்லையென்றால், தாங்குகிறவரின் பலத்தைப் பெருக்க உன் பணத்தையும் நேரத்தையும் செலவழி. இந்த இரண்டுக்கும் தயாராக இல்லாமல் 'தாங்கு, தாங்கு' என்று மட்டும் சொல்வது இலவசமாக ஒருவரை எரிப்பது.

நாட்டிலேயே பெரிய உதாரணம் போபால். 1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி விஷவாயு கசிந்தது. அந்தத் தொழிற்சாலையில் காவல் கருவிகளே இல்லையா? இருந்தன. வாயுத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பழுதுபார்க்கக் கழற்றி வைத்திருந்தார்கள். அதனால், கோபுரமும் வேலையில் இல்லை. மனித டிரிப்பர் ஒருவரும் இருந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர். ஊர் எரிமலை மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற ரீதியில் 1982-லேயே தன் சின்னப் பத்திரிகையில் எழுதினார். பிறகும் விடாமல் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விபத்துக்குப் பிறகு அவருக்கு விருதுகள் வந்தன. வீடு எரிந்த பிறகு டிரிப்பருக்கு மாலை போட்டதைப்போல.

இதுவரை சொன்னது வயரைக் காப்பாற்றுகிற கதை. மனிதரைக் காப்பாற்றுகிற கதை தனி. அதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

16 ஆம்பியர் டிரிப்பர் இருக்கும் வீட்டில் ஈரத் தரையில் நிற்கும் ஒருவர், கசிகிற வாஷிங் மெஷினைத் தொட்டுவிடுகிறார். அவர் உடம்பு வழியாக 0.1 ஆம்பியர் பூமிக்குப் போகிறது. ஓரிரு விநாடி போதும், இதயம் நின்றுபோகலாம். 60 வாட் குண்டு பல்பு இழுப்பதில் பாதிகூட இல்லை இது. டிரிப்பர் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதன் கணக்கில் ஓடுவது பதினாறுக்குள்தான் இருக்கிறது. ஒரு உயிர் போவது அந்தக் கணக்கில் தசமப் புள்ளிக்குப் பிறகு வருகிற விஷயம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஷாக் அடிக்கும்போது மனிதர்களால் ஏன் கையை எடுக்க முடிவதில்லை என்று 1940-களில் ஆராய்ந்தார். தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, கரன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவில் விரல்கள் விட மறுக்கின்றன என்று அளந்தார். சராசரி ஆணுக்குச் சுமார் 16 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் தசைகள் இறுகி, கொல்கிற கம்பியை நாமே கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். 16 ஆம்பியர் அல்ல, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு சின்னக் கசிவைக்கூட உணர்ந்து அறுக்கிற கருவியை அவர் 1961-ல் வடிவமைத்தார்.

அந்த வகைக் கருவிதான் நம் வீட்டு போர்டில், 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு இருக்கும் ஆர்.சி.சி.பி. அது மொத்த அளவைப் பார்ப்பதே இல்லை. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு என்று மட்டும் ஒப்பிடும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் ஆனால் 'யாரோ ஒருவர் வழியாகக் கசிகிறது' என்று அறுத்துவிடும்.

ஆக, இரண்டு விதமான நியாயங்கள் ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, 'மொத்தம் அளவுக்குள் இருக்கிறதா?' என்று கேட்பது. இன்னொன்று, 'கொடுத்தது முழுசாகத் திரும்பி வந்ததா? நடுவில் யார் மேல் பாய்ந்தது?' என்று கேட்பது. ''கம்பெனி லாபத்துல போகுது, வேறென்ன வேணும்?'', ''குடும்பம் நல்லாத்தானே நடக்குது?'', ''ஸ்கூல் ரிசல்ட் நூறு சதவிகிதம்!'' இவை எல்லாம் முதல் வகைக் கேள்விக்கான பதில்கள். அந்த நூறு சதவிகிதத்தில் எந்தப் பிள்ளையின் தூக்கம் கசிந்தது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை மட்டும் கேட்கும் வீட்டில் வயர் பத்திரமாக இருக்கும். ஆட்களுக்கு உத்தரவாதம் இல்லை.

இந்த இரண்டாவது காவல்காரரும் சர்வ வல்லமை படைத்தவர் இல்லை. ஒரு கை ஃபேஸையும் இன்னொரு கை நியூட்ரலையும் தொட்டால், உங்கள் வழியாகப் போனதெல்லாம் ஒழுங்காகத் திரும்பிவிடும். அவருக்கு நீங்களும் ஒரு பல்பு. கணக்கு டேலி ஆகிறது, ஆள் போய்விடுவார். அதனால், கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. எத்தனை கருவி வைத்தாலும், போய்ப் பார்த்து, 'என்னப்பா, எப்படி இருக்கே?' என்று கேட்கும் வேலை பாக்கியிருக்கிறது.

சரி, டிரிப் ஆகிவிட்டது. என்ன செய்வது? நல்ல எலெக்ட்ரீஷியன் ஒரு வரிசை வைத்திருப்பார். கவனமாகப் படியுங்கள். இது உங்கள் போர்டுக்கும் உதவும், மற்றதுக்கும் உதவும்.

முதலில், முகர்ந்து பார்ப்பார். தீய்ந்த வாசனை வந்தாலோ, பெட்டி சுட்டாலோ, ஈரமாக இருந்தாலோ கை வைக்க மாட்டார். உங்களுக்கும் அதே விதி. போர்டைத் தொடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு, விழுந்தது எது என்று பார்ப்பார். எம்.சி.பி. விழுந்திருந்தால் ஓவர்லோடு அல்லது ஷார்ட். ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் எங்கோ கசிவு. மழை நாளில் ஈரச் சுவர்கூடக் காரணமாக இருக்கலாம். விழுந்ததை உடனே தூக்கி நிறுத்த மாட்டார். அந்த லைனில் இருக்கும் எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல்வார், எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்வார். பிறகுதான் லீவரை முழுசாகக் கீழே இறக்கி, மேலே தள்ளுவார். நின்றால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். எதைப் போட்டதும் பட்டென்று விழுகிறதோ, அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். எதுவும் விழவைக்கவில்லை, எல்லாம் சேர்ந்து ஓடிய பிறகு விழுகிறது என்றால் குற்றவாளி யாரும் இல்லை, கூட்டம்தான் அதிகம். ஒன்றுமே மாட்டாதபோதும் விழுந்தால் சுவருக்குள் வயரைப் பார்ப்பார். வயரும் சரி, எல்லாமும் சரி என்ற பிறகுதான், கடைசியாக, டிரிப்பரைச் சந்தேகப்படுவார்.

டிரிப்பரும் கெட்டுப்போகும், இல்லையென்று சொல்லவில்லை. காரணமே இல்லாமல் விழுகிறவையும் உண்டு. காரணமே இல்லாமல் கோபப்படுகிற மனிதர்களும் உண்டு. ஆனால், அது விசாரணையின் கடைசிப் பக்கத்தில் வர வேண்டிய முடிவு. நாம் அதை முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். வீட்டில் ஒருவர், ''இனிமே என்னால முடியாது'' என்று சொன்னதும், ''உனக்கு எப்பப் பார்த்தாலும் இதே பாட்டு'' என்கிறோம். பிளக்கைப் பிடுங்கவில்லை, சுமையை இறக்கவில்லை. இறக்கிப் பார்க்காமல் 'பலவீனம்' என்று எப்படித் தெரியும்?

அதனால்தான் சொல்கிறேன், ஒருவரைக் கோபக்காரர், சோம்பேறி, எதையும் தாங்காதவர் என்று முடிவு கட்டும் முன் நாலு நாள் அவர் தலையில் இருப்பதை எல்லாம் இறக்கி வையுங்கள். வயசான அப்பாவைப் பார்த்துக்கொள்வது, பிள்ளைகளின் ஹோம்வொர்க், மாசக் கடைசிக் கணக்கு, பத்து பேருக்குச் சமையல், எல்லாவற்றையும். நாலு நாள் கழித்து, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுங்கள். எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று பாருங்கள். அப்போதும் ஒன்றுமே இல்லாமல் விழுந்தார் என்றால் நீங்கள் சொன்னது சரி, நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நாலு நாள் அந்தச் சுமையை யார் சுமப்பது? நீங்கள்தான். சோதனை அங்கேதான் கஷ்டமாகிவிடுகிறது. அதனால்தான், பல பேர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை, நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. விழாத டிரிப்பர் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். பிளக் பாயின்ட்டில் திருகு தளர்ந்திருந்தால், அளவுக்குள் ஓடும் கரன்ட்டே அந்த இடத்தைச் சுடவைத்துக் கருக்கிவிடும். டிரிப்பருக்கு அது தெரியாது. கையால் தொட்டால் பிளக் வெதுவெதுப்பாக இருக்கும், பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். பேசாமல் இருக்கிறவர்களையும் அவ்வப்போது அப்படித்தான் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. உங்கள் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், கம்ப்யூட்டரை எல்லாம் அணைத்துவிட்டு, அந்த 'டி' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தொடாததால் உள்ளே இறுகிப்போய், விழ வேண்டிய நேரத்தில் விழாமல் நிற்பவை உண்டு. மூன்று மாதத்துக்கோ, ஆறு மாதத்துக்கோ ஒருமுறை, அதன் குறிப்புத் தாளில் சொல்லியிருக்கிறபடி அழுத்துவது நல்லது. அழுத்தியும் விழவில்லையா? அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விழுந்தால் சந்தோஷப்படுங்கள். அதற்கு இன்னும் 'முடியாது' என்று சொல்லத் தெரிகிறது. அப்படிச் சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இன்னும் யாராவது இருந்தால், நாளைக் காலை மிக்ஸி போடும் முன் கீஸரை நீங்கள் போய் அணையுங்கள்.